முதல் ரூபாய் பிரேக்குக்கு!

பழைய கார் வாங்கியவர் முதலில் போகும் இடம் எது?

கோவில். அது சரி.

இரண்டாவதாகப் போகும் இடம் எது? அலங்காரச் சாமான் விற்கும் கடை! தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சீட்டுக்குப் புது உறை வாங்குகிறார். இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் அலாய் சக்கரம் மாட்டுகிறார். பாட்டுப்பெட்டியை மாற்றுகிறார். எதிரே வருகிறவரின் கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்கு பொருத்துகிறார். பின்கண்ணாடியில் குழந்தைகளின் பெயரை ஒட்டுகிறார். கார் வாங்கிய பிறகு கையில் மிஞ்சியிருந்த பணம் அத்தோடு காலி!

மூன்றாவதாகத்தான் பட்டறைக்குப் போகிறார். அதுவும், வண்டி நடுவழியில் நின்றுபோன பிறகு.

இந்த வரிசை தலைகீழாக மாறவேண்டும். பழைய காருக்குச் செலவழிக்கும் முதல் ரூபாய் பிரேக்குக்குப் போகவேண்டும். இரண்டாவது ரூபாய் டயருக்கு. மூன்றாவது ரூபாய் ரேடியேட்டருக்கு. அதற்கும் மேல் மிச்சம் இருந்தால், பாட்டுப்பெட்டி தாராளமாக வரட்டும்.

சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இது நல்ல யோசனை. போடிமெட்டில் ஏறி இறங்குகிறவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

மலை வைக்கும் பரீட்சை

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேற்கே முந்தலில் மலை ஆரம்பிக்கிறது. ஒரு பாதை குரங்கணிக்குப் பிரிகிறது. இன்னொரு பாதை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறுகிறது. கொச்சிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை இதுதான்.

போடி நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,200 அடியில் இருக்கிறது. போடிமெட்டு 4,000 அடிக்கும் மேலே. ஒரு மணி நேரத்துக்குள் கார் சுமார் 3,000 அடி ஏறவேண்டும். சாயங்காலம் திரும்பும்போது அதே 3,000 அடி இறங்கவேண்டும்.

மேலே கேரள எல்லை. அதற்கு அப்பால் பூப்பாறை, மூணாறு. வழி நெடுக ஏலத்தோட்டமும் தேயிலைத் தோட்டமும். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவருக்கு மேலே தோட்டம் இருக்கும்; அல்லது தோட்டக்காரரோடு கணக்கு வழக்கு இருக்கும். தோட்ட வேலைக்குப் போகிற தொழிலாளிகள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறிச் சாயங்காலம் இறங்குகிறார்கள். இந்தப் பக்கத்து மக்களுக்கு மலை உல்லாசப் பயணம் அல்ல, பிழைப்பு.

இப்போது புதிய கூட்டமும் சேர்ந்துவிட்டது. போடிமெட்டிலிருந்து மூணாறு வரை சுமார் 42 கிலோ மீட்டர் சாலை அகலப்படுத்தப்பட்டு, 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. சாலை நன்றாக இருக்கிறது என்றதும் ஞாயிற்றுக்கிழமை கார்கள் வரிசையாக ஏறுகின்றன. மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் சமவெளியிலேயே ஓட்டிப் பழகியவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். சாலை நல்லதாகிவிட்டது. அதில் போகும் காரும் நல்லதாகிவிட்டதா?

சின்னக் காரின் கதை

1983-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி, பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800 காரின் சாவியை அதை வாங்கியவர் கையில் கொடுத்தார். 3 சிலிண்டர், 796 சி.சி. என்ஜின். அம்பாசடரையும் பியட்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பொம்மைக் கார் போலத் தெரிந்தது. ஆனால், நடுத்தரக் குடும்பத்தைக் காரில் ஏற்றியது அந்தப் பொம்மைதான்.

டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காமல், பின்கதவை மேலே தூக்கித் திறக்கும் இந்த வகைச் சிறிய காருக்கு 'ஹேட்ச்பேக்' என்று பெயர். 1998-ல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வந்தது. அதே ஆண்டில் டாட்டாவின் இண்டிகாவும் வந்தது. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. ஆனாலும் அதன் தம்பிகளும் பங்காளிகளும் இன்று எல்லாத் தெருவிலும் நிற்கிறார்கள்.

புதுக் கார் வாங்கியவர் ஏழெட்டு வருஷம் ஓட்டிவிட்டு விற்கிறார். அதை வாங்குகிறவர் யார்? கடை கணக்குப்பிள்ளை, பள்ளிக்கூட ஆசிரியர், சிறு விவசாயி, பெண்ணுக்குக் கல்யாணம் முடித்த தகப்பனார். அந்தக் குடும்பத்தின் பரம்பரையிலேயே முதல் கார் அதுதான். ஆகவே அதை அழகுபடுத்திப் பார்க்கும் ஆசையைக் குறை சொல்ல முடியாது. முதல் கார் முதல் பிள்ளை மாதிரி. ஆனால், பிள்ளைக்குச் சட்டை தைப்பதற்கு முன்பு காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டாமா?

வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சக்கரம் இறுகிப்போய் வழுக்காமல் தடுக்கும் 'ஏ.பி.எஸ்.' பிரேக், 2019 ஏப்ரலில்தான் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. டிரைவருக்கு உயிர்காக்கும் காற்றுப்பை அதே ஆண்டு ஜூலையில் கட்டாயமாயிற்று. பக்கத்தில் உட்காருகிறவருக்கு 2021-ல்தான். அதற்கு முந்திய கார்களில், விலை குறைந்த ரகங்களில் இவை இல்லாமல் இருக்கலாம். எந்தக் கடையிலும் இவற்றைப் பின்னால் வாங்கி மாட்ட முடியாது. ஆகவே, ஒரே விலையில் இரண்டு கார் இருந்தால், பளபளப்பான காரை விடக் காற்றுப்பை உள்ள கார் மேல்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்காமல் விடலாமா? விற்கிறவரின் மெக்கானிக்கை நம்பாமல், வேறு ஒருவரைக் கூட்டிப்போய்ப் பார்க்கவேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், அது வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று தெரிந்துவிடும். வெளியே எவ்வளவு கழுவினாலும், உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டில் சேற்றுக் கறை ஒட்டியிருக்கும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது.

30 லிட்டர் கொதிநீர்!

மலையில் இறங்கும்போது காருக்குள் என்ன நடக்கிறது?

ஐந்து பேர் உட்கார்ந்த ஒரு சின்னக் காரின் எடை சுமார் 1,200 கிலோ. அது 3,000 அடி இறங்கும்போது வெளியேறவேண்டிய சக்தியைக் கணக்குப் போட்டால், சுமார் 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காற்றும் சாலையும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. மிச்சம் இரண்டே இடத்தில்தான் போய்ச் சேரமுடியும். ஒன்று என்ஜின். மற்றொன்று பிரேக்.

காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்குகிறவர், அந்தச் சூடு முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார். முன்சக்கர டிஸ்க் கொதிக்கிறது. பேடு பிடிப்பை இழக்கிறது. கருகிய வாடை அடிக்கிறது.

அடுத்தது அதைவிட ஆபத்து. மிதித்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். இதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தை மெதுவாக உறிஞ்சிக்கொள்ளும். 'டாட் 3' ரகத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிப்போனால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். ஆயிலை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். ஆகவே பெடல் தரை வரை போகும். வண்டி நிற்காது!

காலையில் போடிக் கடைவீதியில் நன்றாகப் பிடித்த பிரேக், சாயங்காலம் பத்தாவது வளைவில் ஏன் கைவிடுகிறது என்பதற்கு விடை இதுதான். டவுனில் 'செக்' பண்ணிப் பார்த்தால் இந்தக் குறை தெரியாது. மலைதான் காட்டிக் கொடுக்கும். காட்டிக் கொடுக்கும்போது காலம் கடந்திருக்கும்.

பழைய கார் வாங்கியவர் முதல் வாரத்திலேயே செய்யவேண்டியது என்ன? நாலு சக்கரத்தையும் கழற்றச் சொல்லவேண்டும். முன் பேடு, பின் லைனிங், டிஸ்க், ரப்பர் குழாய், ஹேண்ட் பிரேக் கம்பி எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்கவேண்டும். பிரேக் ஆயிலை முழுவதும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றவேண்டும். முந்தைய சொந்தக்காரர், "போன மாசம்தான் மாற்றினேன்" என்று சொன்னாலும் மாற்றவேண்டும். பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. அலாய் சக்கரத்தின் விலையோடு ஒப்பிட்டால் இது சில்லறைச் செலவு.

பெட்ரோல் மிச்சமா?

"இறக்கத்தில் நியூட்ரலில் போட்டுவிட்டால் பெட்ரோல் மிச்சம்" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிற புத்திசாலிகளும் உண்டு.

இது மிச்சம் அல்ல, நஷ்டம். இன்றைய கார்களில் பெட்ரோலை அளந்து விடுவது ஒரு சிறு கம்ப்யூட்டர். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், அது பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. சக்கரமே என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, என்ஜின் நின்றுவிடாமல் இருக்க அது பெட்ரோல் குடித்தாகவேண்டும். ஆக, நியூட்ரலில் இறங்குகிறவர்தான் அதிகம் செலவழிக்கிறார்!

என்ஜினை அணைத்தால் இன்னும் மோசம். பிரேக்குக்குத் துணை செய்யும் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். கொண்டை ஊசி வளைவில் கையும் காலும் கட்டப்பட்ட நிலை!

மலையில் வண்டி ஓட்டும் பழைய டிரைவர்களின் விதி சுருக்கமானது: எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரில் இறங்கு. இரண்டாவது கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, அரை மணி நேரம் ஆறவிடவேண்டும். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக்கூடாது. கோணிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யும்.

எலுமிச்சம்பழமும் டயரும்

பூஜை போடும்போது நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் குனிந்து பழம் வைக்கிறவர், அந்த டயருக்கு என்ன வயது என்று பார்ப்பதில்லை.

டயரின் பக்கவாட்டில் நாலு எண் பொறித்திருக்கும். '2319' என்று இருந்தால், 2019-ம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்யப்பட்டது என்று அர்த்தம். ரப்பர் ஓடினாலும் கிழடாகும். ஓடாமல் நின்றாலும் கிழடாகும். வெயிலில் நின்ற காரின் டயரில், மேலே பள்ளம் ஆழமாகத் தெரியும். பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருக்கும். காருக்கு டயரின் பள்ளம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர் அந்தக் கடைசி எல்லை வரை காத்திருக்கக்கூடாது.

அலங்காரக் கடையில் இன்னொரு ஆசை காட்டுவார்கள். "அகல டயர் போடுங்கள், நல்ல பிடிப்பு" என்பார்கள். கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் அகலமாகப் போட்டால் ஸ்டியரிங் கனக்கும். பெட்ரோல் அதிகம் குடிக்கும். முழுதாகத் திருப்பும்போது உள்ளே உரசும். முழுதாகத் திருப்பவேண்டிய வளைவு ஒன்றல்ல, இரண்டல்ல; பதினேழு! டயரின் உயரமும் கூடினால், வேகம் காட்டும் முள் உண்மை வேகத்தை விடக் குறைத்துக் காட்டும்.

ஸ்டெப்னியையும் மறந்துவிடக்கூடாது. காற்று இல்லாத ஸ்டெப்னியும், கைப்பிடி இல்லாத ஜாக்கியும் பழைய காரோடு இலவசமாக வருபவை!

முள் சொல்லும் செய்தி

இறங்கும்போது பிரேக் என்றால், ஏறும்போது என்ஜினுக்குச் சோதனை. 4,000 அடிக்கு மேல் காற்று லேசாகிவிடும். கடல் மட்டத்தில் உள்ள பலத்தில் சுமார் எட்டில் ஒரு பங்கைச் சாதாரணச் சின்ன என்ஜின் அங்கே இழந்துவிடுகிறது. பாரமோ குறைவதில்லை. ஐந்து பேர் ஏறவேண்டிய காரில் எட்டுப் பேர் ஏறி, மேல்கூரையில் மூட்டையும் கட்டினால், அந்த மூன்று சிலிண்டர் என்ன செய்யும்?

சூடாகும். சூட்டைச் சொல்லவே முன்னால் ஒரு முள்ளோ, சிவப்பு விளக்கோ வைத்திருக்கிறார்கள். சில பட்டறைகளில், "தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றிவிடுவோம்" என்று எடுத்து எறிந்திருப்பார்கள். கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். உள்ளே உப்பும் துருவும் படிந்து ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கும். சமவெளியில் இது தெரியாது. ஏழாவது வளைவில் ஆவி கிளம்பும்போது தெரியும்.

ஆகவே ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, ரப்பர் குழாய்களைப் பார்த்து, சரியான கூலண்ட் ஊற்றவேண்டும். காற்றாடி ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். ஏறும்போது முள் மேலே போனால் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஒதுங்கவேண்டும். மலைக்காற்று இலவசம்! ஆறுவதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் இருக்கக் கிளட்சைப் பாதி மிதித்தபடியே பிடித்துக்கொண்டு நிற்பது இன்னொரு கெட்ட வழக்கம். அதற்குத்தான் ஹேண்ட் பிரேக் இருக்கிறது. அது பிடிக்கவில்லை என்றால், அந்தக் கார் முந்தலைத் தாண்டக்கூடாது.

கண்ணைப் பறிக்கும் விளக்கு

போடிமெட்டில் பனிமூட்டம் இறங்கினால் நாலு அடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. "அதற்குத்தான் பவர் விளக்கு போட்டிருக்கிறேன்" என்பார் இளைஞர்.

நடப்பது நேர்மாறு. பனி என்பது கோடிக்கணக்கான நீர்த்துளி. அதிக வெளிச்சம் அடித்தால், அத்தனையும் திரும்பி அடித்தவர் கண்ணிலேயே விழும். வெள்ளைச் சுவர்தான் தெரியும். பனியில் டிம் விளக்கில், மெதுவாகப் போவதுதான் வழி. பழைய பல்புக்காகச் செய்த விளக்குக் கிண்ணத்தில் வேறு ரகப் பல்பை மாட்டினால், வெளிச்சம் சாலையில் விழாமல் சிதறும். எதிரே வரும் ஜீப் டிரைவருக்கு ஒரு நொடி கண் இருட்டினால் போதும். அந்த ஜீப்பில் கூலி வேலை முடித்துக் குழந்தைகளைப் பார்க்கத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியைத் தேய்த்துச் சுத்தம் செய்வதும், விளக்கின் உயரத்தைச் சரிசெய்வதும், நல்ல வைப்பர் ரப்பர் போடுவதும் பவர் விளக்கை விட மலிவு, பலனோ அதிகம்.

பாட்டுப்பெட்டிக்கும் ஒரு வார்த்தை. வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் வண்டியை, கண்ணுக்கு முன்னால் காதுதான் பார்க்கும். ஹாரன் சத்தம் கேட்கவேண்டிய இடத்தில் பாட்டுச் சத்தம் கேட்டால் என்ன லாபம்?

சட்டம் என்ன சொல்கிறது?

"என் கார், என் பணம், என் இஷ்டம்" என்று சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி செய்த அமைப்பை மாற்றுவதற்குத் தடை விதிக்கிறது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கு ஒன்றில், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைக்கும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம்; அல்லது ஆறு மாதம் வரை சிறை; அல்லது இரண்டும்.

முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புக் கம்பியை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. இடித்தால் அது நடந்துபோகிறவரின் எலும்பை முறிக்கும். பம்பர் நசுங்கித் தாங்கிக்கொள்ளவேண்டிய அதிர்ச்சியை நேராக உள்ளே அனுப்பும். பாதுகாப்புக்கு என்று மாட்டுகிற கம்பியே ஆபத்தாகிறது.

காரின் நிறத்தை மாற்றினால்கூட ஆர்.சி.யில் பதியவேண்டும். சீட் உறை, பாட்டுப்பெட்டி இவற்றுக்குத் தடை இல்லை. ஆனால் கம்பியை வெட்டி ஒட்டுப் போடும் வேலை கூடாது. காருக்குள் தீப்பிடிக்க ஒரு மோசமான ஒட்டு போதும்.

பெயர் மாறாத கார்

விற்கிறவருக்கும் ஒரு எச்சரிக்கை. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டால் கதை முடிந்ததாக நினைக்கிறார்கள். முடியவில்லை!

ஒரு கார் பல கை மாறிப் போயிருந்தது. ஆனால் பதிவேட்டில் பழைய பெயரே இருந்தது. விபத்து நடந்தது. நஷ்டஈடு யார் கொடுப்பது என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. காரை என்றோ விற்றவர், அதைக் கண்ணால் பார்க்காதவர், நஷ்டஈடு கட்டவேண்டியதாயிற்று.

ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். இன்ஷூரன்சையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். எல்லைக்கு அப்பால் பதிவான காரை, "விலை மலிவு" என்று வாங்குகிறவர், அங்கிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, இங்கே வரியும் கட்டவேண்டும். அதையும் விலையோடு கூட்டிப் பார்த்தால், மலிவு எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருக்கும்.

சர்க்கார் செய்யவேண்டியது

இவ்வளவு சட்டம் இருந்தும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகுதான் அதிகாரி வண்டியைப் பார்த்து, ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்கிறார். நடுவில் அந்தக் கார் நாலு பேர் கை மாறலாம். ஒவ்வொரு முறையும் காகிதத்தைப் பார்க்கிறார்கள். பிரேக்கை யார் பார்க்கிறார்கள்?

பழைய கார் வியாபாரிகள் பதிவு செய்துகொள்ளவேண்டும், கைக்கு வந்த வண்டியைப் பற்றித் தகவல் தரவேண்டும் என்ற விதிகள் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. நல்ல ஏற்பாடு. அதோடு இன்னொன்றும் சேரவேண்டும். கார் கைமாறும்போது பிரேக், டயர், விளக்கு மூன்றையும் சோதித்து எழுதிய ஒரு தாள், ஆர்.சி.யோடு சேர்ந்து கைமாறவேண்டும். தாள் இல்லாமல் பெயர் மாற்றம் இல்லை என்று விதி செய்யவேண்டும்.

"இன்னொரு தாளா? இன்னொரு கியூவா? இன்னொரு செலவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிவு பெற்ற எந்தப் பட்டறையிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம், ஒரே கட்டணம், தவறாக எழுதினால் பட்டறைக்காரருக்குப் பொறுப்பு என்று வைத்தால் கியூவும் இல்லை, அலைச்சலும் இல்லை. அந்தச் செலவை விற்கிறவர் ஏற்கட்டும். நல்ல காரை விற்கிறவர் அதற்கு அஞ்சமாட்டார். அஞ்சுகிறவரிடம் கார் வாங்காமல் இருப்பதே நல்லது.

முந்தலில் மலை ஏறும் முன், கொட்டை எழுத்தில் ஒரு பலகையும் வேண்டும். "ஏறிய கியரில் இறங்குங்கள், நியூட்ரல் கூடாது, ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள்." மூன்று வரி போதும். மேலே போடிமெட்டில் இறங்கும் இடத்திலும் அதே மூன்று வரி.

ஒரு ரூபாய் நோட்டு அல்ல, ஒரு நோட்டுப் புத்தகம்

கார் வைத்திருப்பவருக்குக் கடைசியாக ஒரு யோசனை. வண்டிக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். என்ஜின் ஆயில் எந்தத் தேதியில், எத்தனை கிலோ மீட்டரில் மாற்றியது. பிரேக் ஆயில் எப்போது. டயர் எந்த வாரத்தியது. பாட்டரி எப்போது வாங்கியது. எல்லாவற்றையும் எழுதவேண்டும். பில்லையும் அதிலேயே செருகி வைக்கவேண்டும். ஏலக்காய்க் கடையில் ஒரு கிலோவுக்குக்கூடக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய காரியம் அல்ல. நாளைக்குக் காரை விற்கும்போது அந்த நோட்டே நல்ல விலை வாங்கிக் கொடுக்கும்.

ஆறு மாதம் ஓடட்டும். பிரேக் சரி, டயர் சரி, முள் மேலே ஏறவில்லை, பெயரும் மாறிவிட்டது என்று ஆன பிறகு, அலங்காரக் கடைக்குப் போகட்டும். நல்ல சீட் உறை வாங்கட்டும். வீட்டுக்காரம்மாவுக்குப் பிடித்த பாட்டும் கேட்கட்டும். அது நிம்மதியாகக் கேட்கும் பாட்டு.

பார்க்கிறவர்கள் காரின் பளபளப்பைத்தான் பார்ப்பார்கள். மலை அதைப் பார்க்காது. பதினேழு வளைவிலும் அது கேட்பது ஒரே கேள்வி: "உன்னால் நிற்க முடியுமா?"

அதற்குப் பதில் வைத்திருக்கிறவர் மட்டும் ஏறட்டும்.